பீரங்கிகள் ஓய்ந்த பின்

சில கலைகளுக்கு அவற்றின் பெயரே முதல் விரோதி. ‘டெத் மெட்டல்’ என்று ஒரு சங்கீதம் இருக்கிறது என்று சொன்னால், பாதிப் பேர் அதைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மரணம் என்று ஒரு வார்த்தை, உலோகம் என்று ஒரு வார்த்தை. இரண்டும் சேர்ந்த இடத்தில் இன்பம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பொதுப்படையாகப் பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை. நாவல் என்றால் என்ன என்று மணிக்கணக்காகப் பேசுவதைவிட, ஒரு நல்ல நாவலை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவது உருப்படியான காரியம். ஆகவே ஒரு கோஷ்டி, அதன் ஒரே ஒரு இசைத்தட்டு, இந்த அளவோடு நிறுத்திக்கொள்ள உத்தேசம்.

கோஷ்டியின் பெயர் போல்ட் த்ரோவர். இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற நகரத்தில் 1986-ல் தோன்றியது. இசைத்தட்டின் பெயர் ‘தோஸ் ஒன்ஸ் லாயல்’. ‘ஒரு காலத்தில் விசுவாசமாக இருந்தவர்கள்’ என்று சுமாராகத் தமிழில் சொல்லலாம். 2005-ல் வெளிவந்தது. ஒன்பது பாட்டுகள், ஏறத்தாழ நாற்பது நிமிஷம். கோஷ்டி வெளியிட்ட எட்டு முழு இசைத்தட்டுகளில் இதுதான் கடைசி.

கடைசியிலிருந்து நான் ஆரம்பித்தது தற்செயல். என் அக்காள் மகன் கையில் அகப்பட்டதைக் கொடுத்தான், நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் இப்படிக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. ஓர் ஆசிரியனை அவனுடைய முதல் புத்தகத்தின் வழியாக அறிமுகம் செய்துகொண்டால், அவன் என்ன செய்ய ஆசைப்பட்டான் என்பது தெரியும். கடைசிப் புத்தகத்தின் வழியாக அறிமுகம் செய்துகொண்டால், எவ்வளவு செய்து முடித்தான் என்பது தெரியும். ஆசையைவிடச் செய்து முடித்ததுதான் விமர்சனத்துக்கு உதவும்.

இந்தச் சங்கீதம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. இது 1980-களின் நடுவில் பிறந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொஸெஸ்ட் என்ற கோஷ்டி 1985-ல் வெளியிட்ட தட்டில் கடைசிப் பாட்டுக்கு ‘டெத் மெட்டல்’ என்றே பெயர். 1987-ல் புளோரிடாவைச் சேர்ந்த டெத் என்ற கோஷ்டியின் முதல் தட்டு வந்தது. அதன் பிறகு ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் பையன்கள் கிதாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிதாரின் தந்திகளை வழக்கமான சுருதியிலிருந்து நன்றாகக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். அதனால் ஒலி கனத்துப்போய், ஒரு மரப்பாலத்தின் மேல் பாரவண்டி போவது போல் அதிர்கிறது. முரசடிப்பவர் இரண்டு கால்களாலும் இரண்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். குரல் இருக்கிறதே, அதுதான் முதல் தடவை கேட்கிறவரை விரட்டியடிப்பது. பாடுவதற்கு நாம் உபயோகிக்கும் குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் தொண்டையில் இருக்கின்றன. அவற்றை அதிரவைத்து எழுப்பும் உறுமல் அது. திபெத்தியப் பிக்ஷுக்கள் மந்திரம் ஓதுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இதன் தூரத்து உறவு புரியும்.

இந்தக் குரலில் ராகபாவம் கிடையாது. வார்த்தை தெளிவாக விழுவதும் பல இடங்களில் கிடையாது. பின் எதற்காக அது? முதலில் குரலை விட்டுவிட்டுக் கிதார்களைக் கேளுங்கள். பிறகு குரலை இன்னொரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு கேளுங்கள். தவிலிடம் சாகித்யத்தை நாம் எதிர்பார்ப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான். அப்படிக் கேட்கும்போது இந்தத் தட்டின் முதல் அதிசயம் தெரியவரும். இது வேகத்தை நம்பி நிற்கவில்லை. இந்த வகைக் கோஷ்டிகளில் பலவற்றுக்கு வேகம் ஒரு வெறி. யார் அதிக வேகமாக வாசிக்கிறார்கள் என்ற போட்டியிலேயே அவர்களுடைய திறமையெல்லாம் செலவாகிவிடும். போல்ட் த்ரோவர்காரர்கள் பெரும்பாலும் மத்திம காலத்தில் நடக்கிறார்கள். நடக்கிறார்கள் என்ற வார்த்தையைத் தெரிந்துதான் உபயோகிக்கிறேன். பூட்ஸ் காலோடு, முதுகில் மூட்டையோடு, சேற்றில் நடக்கிற நடை. அந்தக் கனத்த நடையின் மேலே இரண்டு கிதார்கள் சேர்ந்து ஒரு மெல்லிய இழையை மேல்ஸ்தாயியில் விடுகின்றன. ‘அட் ஃபர்ஸ்ட் லைட்’ என்ற முதல் பாட்டின் தொடக்கத்திலேயே அது வந்துவிடுகிறது. அந்த இழையில் இருப்பது துக்கம்.

இந்தக் கோஷ்டியின் விஷயம் ஆதியிலிருந்து யுத்தம் ஒன்றுதான். பெயரே ஓர் ஆயுதத்தின் பெயர். பொம்மைப் படைகளை மேஜைமேல் நிறுத்தி விளையாடும் ‘வார்ஹாமர்’ என்ற விளையாட்டில் வரும் ராட்சத அம்பெறி பொறி. இரண்டாவது தட்டான 1989-ம் வருஷத்து ‘ரெல்ம் ஆஃப் கேயாஸ்’ அந்த விளையாட்டுக் கம்பெனியின் சித்திரங்களோடுதான் வெளிவந்தது. பையன்கள் விளையாட்டு யுத்தத்தில் ஆரம்பித்தார்கள் என்று சொல்லலாம். அப்புறம் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் சுவாரஸ்யம்.

1992-ல் வந்த நான்காவது தட்டின் அட்டையில் டெலாக்ருவா 1840-ல் தீட்டிய சித்திரம் இருக்கிறது. நான்காவது சிலுவைப் போருக்குப் புனித பூமியை மீட்கிறோம் என்று கிளம்பியவர்கள் 1204-ல் கான்ஸ்டான்டிநோபிள் என்ற கிறிஸ்தவ நகரத்தையே சூறையாடிய கதை சரித்திரத்தில் இருக்கிறது. ஜெயித்தவர்கள் குதிரைமேல் நகரத்துக்குள் நுழைகிறார்கள். தோற்ற நகரத்து ஜனங்கள் குதிரைகளின் காலடியில் விழுந்து கிடக்கிறார்கள். படத்தில் வெற்றியின் சந்தோஷம் ஒரு முகத்திலும் இல்லை. இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த கணத்தில் இவர்கள் விளையாட்டை விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2005-ம் வருஷத்துத் தட்டின் அட்டையில் குதிரையும் இல்லை, நகரமும் இல்லை. முதல் உலக மகா யுத்தத்தில் மாண்டவர்களுக்காக லண்டனில் எழுப்பியிருக்கும் நினைவுச் சின்னத்தின் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. பீரங்கியைச் சுற்றிச் சில சிப்பாய்கள். உயிரோடு சண்டை போடுகிறவர்களின் படம் அல்ல அது. செத்தவர்களை உலோகத்தில் நிறுத்தி வைத்த படம். விளையாட்டுப் பொம்மையில் தொடங்கி, சித்திரத்தின் வழியாக, நினைவுச் சின்னம் வரைக்கும் ஒரு பயணம். இதற்குப் பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது.

நம்முடைய இலக்கியத்தை ஓரளவு படித்தவர்களுக்கு இது புதிய விஷயமாக இருக்காது. யுத்தத்தைப் பாட நம்மிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பரணியின் வழி. ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்துக்கு வந்து பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துச் சாப்பிடுகின்றன. மேல்நாட்டுப் பையன்கள் ரத்தமும் நிணமும் பாடுகிறார்கள் என்று முகம் சுளிக்கிறவர்கள், நம் புலவர்கள் அதை எவ்வளவு குதூகலமாகச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது. இன்னொன்று புறநானூற்றுக் கையறுநிலையின் வழி. தலைவன் விழுந்துவிட்டான், பாணனுக்கு இனிப் பாட ஒன்றுமில்லை, கல்லை நட்டுப் பெயரைப் பொறித்துவிட்டு நிற்கிறார்கள். டெத் மெட்டலில் பெரும்பகுதி பரணியின் கட்சி. போல்ட் த்ரோவர், முக்கியமாக இந்தக் கடைசித் தட்டில், கையறுநிலையின் கட்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது. சத்தம் பரணியின் சத்தம். மனசு நடுகல்லின் மனசு. இந்த முரண்தான் தட்டின் பலம் என்பது என் அபிப்பிராயம்.

இவர்கள் பிறந்த ஊரையும் இங்கே சொல்ல வேண்டும். 1940 நவம்பர் 14-ம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் கவன்ட்ரி நகரத்தின் மேல் குண்டு மாரி பொழிந்தன. 500-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மத்திய காலத்துத் தேவாலயம் எரிந்து, சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சின. யுத்தம் முடிந்த பிறகு அந்த இடிபாட்டைப் பெருக்கி எடுத்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே புதிய தேவாலயத்தைக் கட்டினார்கள். 1962 மே மாதம் அதன் பிரதிஷ்டையை ஒட்டி பெஞ்சமின் பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’ முதல் தடவையாக அங்கே அரங்கேறியது. லத்தீன் மொழியில் இறந்தோர்க்கான பூசைப் பாட்டு ஒரு பக்கம். வில்பிரட் ஓவனின் யுத்தக் கவிதைகள் இன்னொரு பக்கம். ஓவன் முதல் யுத்தம் முடிவதற்கு ஒரே வாரம் இருக்கையில், 1918 நவம்பர் 4-ம் தேதி, இருபத்தைந்து வயதில் குண்டடிபட்டு இறந்தவன்.

ஒரே ஊர், யுத்தத்தைப் பற்றிய இரண்டு சங்கீதங்கள். ஒன்றைத் தேவாலயத்தில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். இன்னொன்றை மதுக்கடைப் பின்கட்டுகளிலும் சின்னக் கொட்டகைகளிலும் கறுப்புச் சட்டை போட்ட வாலிபர்கள் நின்றுகொண்டு கேட்டார்கள். கலையின் தரத்தில் இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை, பிரிட்டன் மேதை. ஆனால் இடிபாட்டின் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு யுத்தம் பாடப்புத்தகத்து விஷயமாக மட்டும் இருக்காது என்று ஊகிப்பதில் தவறில்லை. 

இனிக் குறைகள். தட்டு முழுவதும் யுத்தம் இருக்கிறது. ஆனால் எந்த யுத்தம்? யாருக்காக? எதற்காக? ஒன்றும் கிடையாது. பதுங்குகுழி இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, கவசவண்டியை உடைக்கும் ஆயுதம் இருக்கிறது. பெயருள்ள ஒரு மனிதன் இல்லை. வீட்டில் காத்திருக்கும் தாய் இல்லை. எதிரிக்கு முகம் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய குறையாகப் படும். ஓவனின் கவிதையில் நச்சுப் புகையில் மூச்சுத் திணறுகிறவன் ஒருவன், நம் கண்முன்னால் திணறுகிறான். இங்கே திணறுவது மனிதகுலம் மொத்தமும். மனிதகுலம் மொத்தமும் திணறுவதைவிட ஒருவன் திணறுவது நம்மை அதிகமாக உலுக்கும் என்பது கலையின் பழைய ரகசியம்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. இந்தச் சங்கீதம் யுத்தத்தைக் கொண்டாடுகிறதா? முரசு அதிர அதிர உடம்பு நிமிர்கிறது. கேட்கிறவனுக்கு அணிவகுத்து நடக்க வேண்டும் போல் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் முரசும் இப்படித்தானே அதிரும்? ஆனால் உடம்பு நிமிர்ந்த அதே நிமிஷத்தில் மேலே அந்தக் கிதார் இழை வந்து, ‘நீ எங்கே நடக்கிறாய் தெரியுமா?’ என்று கேட்கிறது. யுத்தத்தில் கவர்ச்சியே இல்லை என்று பாடுகிறவன் பாதி உண்மையைத்தான் பாடுகிறான். கவர்ச்சி இல்லாவிட்டால் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் ஏன் போகிறார்கள்? அந்தக் கவர்ச்சியை நம் கால்களில் உணரவைத்து, அதன் விலையை நம் காதுகளில் சொல்லுவது கொஞ்சம் அபாயமான வழி. இந்தத் தட்டில் பெரும்பாலான இடங்களில் அது வெற்றி பெறுகிறது. தலைப்புப் பாட்டில் முழுமையாக வெற்றி பெறுகிறது. சில இடங்களில், முக்கியமாக ஆயுதங்களின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டுகளில், கால்கள் ஜெயித்து காதுகள் தோற்றுவிடுகின்றன.

கடைசியிலிருந்து தொடங்கினேன் என்றேன். பிறகு ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனேன். 1988-ம் வருஷத்து முதல் தட்டில் கோபம் மட்டும் இருக்கிறது, ஒலிப்பதிவும் கரடுமுரடு. ஜான் பீல் என்ற பி.பி.சி. ஒலிபரப்பாளர் புதிய கோஷ்டிகளைத் தேடிப் பிடிப்பதில் பெயர் பெற்றவர். அதே வருஷம் இவர்களை வானொலி நிலையத்துக்கு அழைத்து வாசிக்கவைத்தவர் அவர்தான். 1989, 1991, 1992, 1998 ஆகிய வருஷங்களில் வந்த தட்டுகளில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். 1989-ம் வருஷத்து ‘வேர்ல்ட் ஈட்டர்’ என்ற பாட்டின் ஒரு துணுக்கு, பின்னால் வந்த தட்டுகளில் ஒவ்வொரு பாட்டில் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. குடும்பக் கதை எழுதுகிறவன் தாத்தாவின் ஒரு சாடையைப் பேரன் முகத்தில் வைப்பது மாதிரி. தனித்தனித் தட்டுகளாக நினைத்து இவர்கள் வாசிக்கவில்லை. ஒரே நீண்ட நூலின் அத்தியாயங்களாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஆட்களும் ஏறக்குறைய அப்படித்தான். கேவின் வார்ட், பாரி தாம்ஸன் என்ற இரண்டு பேர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இருந்தார்கள். ஜோ பென்ச் என்ற பெண்மணி 1987-ல் மந்தரக் கிதார் வாசிக்க வந்தவர். அவரும் கடைசி வரைக்கும் இருந்தார். ஆண்களே நிறைந்திருந்த இந்த உலகத்துக்குள் முதலில் நுழைந்த பெண்களில் ஒருவர். அதை ஒரு விளம்பரமாக்கிக்கொள்ளாமல், தட்டுகளின் அடித்தளத்தில் இருந்துகொண்டு வாசித்தார். பாடுகிற கார்ல் வில்லெட்ஸ் முதலில் கோஷ்டியின் வண்டி ஓட்டியாக இருந்தவர். இடையில் இரண்டு தடவை விலகிப் போனார். 2001-ம் வருஷத்துத் தட்டில் வேறொருவர் குரல். 2004-ல் இவர் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் இந்தத் தட்டு. குரலில் ஒரு நிதானம் தெரிவதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘இவர்கள் ஒரே பாட்டையே திருப்பித் திருப்பி வாசிக்கிறார்கள்’ என்பது இவர்கள்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றையே செய்வதில் இரண்டு விதம் உண்டு. சரக்குத் தீர்ந்துபோனவன் ஒன்றையே செய்வான். சரக்கின் ஆழம் தெரிந்தவனும் ஒன்றையே செய்வான். வித்தியாசம் எங்கே தெரியும்? காலம் போகப்போக ஒருவனுடையது தேய்கிறது, இன்னொருவனுடையது கெட்டிப்படுகிறது. ஒரே ராகத்தை நாற்பது வருஷம் பாடின வித்வான்களை நாம் குறை சொல்வதில்லையே! எட்டுத் தட்டுகளையும் வரிசையாகக் கேட்டால், நடுவில் ஓரிரண்டு தேய்ந்திருப்பது தெரிகிறது. எட்டாவது கெட்டிப்பட்டிருக்கிறது.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எழுத்தாளர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம். ஒன்பதாவது தட்டுக்காகப் பாட்டுகள் கட்டத் தொடங்கினார்கள். 2008 வாக்கில், எட்டாவதன் தரத்துக்கு இவை வரவில்லை என்று சொல்லி, அந்த முயற்சியை நிறுத்திவைத்துவிட்டார்கள். பூரணமான ஒரு தட்டைச் செய்து முடித்ததும் நிறுத்திக்கொள்வது என்பது அவர்களுடைய பழைய எண்ணம். ‘தோஸ் ஒன்ஸ் லாயல்’ அதுவாக அமைந்துவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றியது. அதற்கப்புறம் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். புதிய தட்டு வரவே இல்லை.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரம் தவறாமல் அத்தியாயம் கேட்கும் பத்திரிகைகளுக்கு எழுதுகிற எனக்கு இது எவ்வளவு சிரமமான காரியம் என்று தெரியும். பெயர் வந்துவிட்ட பிறகு எதை எழுதினாலும் அச்சில் ஏறும். வாசகர்களும் பழைய அன்பினால் படித்துவிடுவார்கள். அந்த அன்பைச் செலவழித்துக்கொண்டே பத்து நாவல் எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறோம், நம்மில் பலர். போதிய தரமில்லை என்று யாரும் சொல்லாதபோது, தானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடுகிறவன் எத்தனை பேர்? அவ்வப்போது டிக்கெட் விலையையும் ஞாபகார்த்தச் சட்டைகளின் விலையையும் குறைத்தே வைத்து ரசிகர்களிடம் நல்ல பெயர் எடுத்தவர்கள் இவர்கள். ஆனால் ரசிகனுக்குச் செய்யும் பெரிய மரியாதை விலையைக் குறைப்பதல்ல. மட்டமான சரக்கை அவன் தலையில் கட்டாமலிருப்பது.

முடிவு வேறு விதமாக வந்தது. முரசடித்த மார்ட்டின் கேர்ன்ஸ் 2015 செப்டம்பர் 14-ம் தேதி, முப்பத்தெட்டு வயதில் இறந்துபோனார். வாலிபனாக 1994-ல் வந்து சேர்ந்தவர்; நடுவில் சில காலம் விலகியிருந்தாலும் இந்தத் தட்டில் நாம் கேட்கும் அந்த நடை அவருடைய கால்களின் நடை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2016-ல் அதே தேதியில், கோஷ்டி முடிந்தது என்று மற்றவர்கள் அறிவித்துவிட்டார்கள். வேறொருவரை உட்காரவைத்துத் தொடரவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு தட்டைக் கேட்டால் அதன் தலைப்புக்கு வேறு அர்த்தம் தோன்றும். ‘ஒரு காலத்தில் விசுவாசமாக இருந்தவர்கள்’ இவர்களே அல்லவா என்று நெஞ்சு கனக்கும். விமர்சகன் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சாவு ஒரு தட்டை நல்ல தட்டாக்கிவிடாது. 2005-ல் எல்லோரும் உயிரோடு இருந்தபோதே அது நல்ல தட்டு. பிற்பாடு நேர்ந்தது அதன் தரத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இதைக் கேட்டுப் பார்க்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு யோசனை. மாலை நேரத்தில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு கேட்கிற சங்கீதமல்ல இது. வீட்டில் மற்றவர்கள் இல்லாத சமயமாகப் பார்த்து, ஐந்தாவதாக வரும் தலைப்புப் பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். குரல் பிடிக்காவிட்டால் பரவாயில்லை. கிதாரைப் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகும் ஒன்றும் தோன்றாவிட்டால் விட்டுவிடலாம். எல்லாக் கலையும் எல்லோருக்கும் என்று சட்டமில்லை. தோன்றினால், கடைசிப் பாட்டு வரைக்கும் போய்விட்டு வாருங்கள். ‘வென் கேனன்ஸ் ஃபேட்’ என்று அதற்குப் பெயர். பீரங்கிகள் ஓய்ந்த பின் என்ன இருக்கும் என்பதற்கு அது பதில் சொல்வதில்லை. பாட்டு நின்ற பிறகு அறையில் இருக்கும் நிசப்தம் கொஞ்சம் சொல்லும்.